நாடாவின் ஓரத்தில் ஒரு குரல்

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பழைய புத்தகங்களுக்கும் மருந்துத் துண்டுகளுக்கும் நடுவில், கறுப்பு நிறத்தில் ஒரு வீடியோ கசெற் கிடக்கின்றதா? கலியாணக் கசெற்றாக இருக்கலாம். பிள்ளையின் முதலாவது பிறந்தநாளாகவோ, சாமத்தியவீடாகவோ, கோயில் தேர்த் திருவிழாவாகவோ இருக்கலாம். போட்டுப் பார்ப்பதற்கு டெக் இல்லாததால் பல வருடங்களாக அதனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எறியவும் மனம் வந்திருக்காது.

என்னிடம் அப்படி இரண்டு கசெற்றுகள் இருந்தன. இரண்டிலும் இருந்தது ஒரே கலியாணம்தான், எனது கலியாணம். ஒன்று நல்ல நாடா, மற்றது மலிவு நாடா. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் என்ன என்பதை 2003 ஆம் ஆண்டில் எனது கணவர் எனக்குச் சொல்லித் தந்தார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது 13 வருடங்களின் பின்னரே எனக்குத் தெரிந்தது. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

மூன்று கசெற்றுகள்

எங்கள் ஊர் கிளிநொச்சிக்கு அண்மையில் இருக்கின்றது. அவர் வானொலிப் பெட்டிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் திருத்தும் சிறிய கடையொன்றை வைத்திருந்தார். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் ஜெனரேற்றரிலும் வாகன பற்றரியிலும் வேலை செய்யப் பழகியவர்.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரலாம், சாமான் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அடுத்த வருடம் எங்களுக்கு எழுத்து முடிந்து கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். ஒரு நாள் மாலை அவர் ஒரு பையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உடுப்பு ஏதாவது வாங்கி வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். பைக்குள் இருந்தவை மூன்று வீடியோ கசெற்றுகள். ஒன்று யாழ்ப்பாணத்தில் புதிதாக வாங்கியது. மற்ற இரண்டும் கடைக்குத் திருத்த வந்து, உரியவர்கள் எடுக்காமல் விட்டுச் சென்றவை.

"இஞ்சை பாரும். மூண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனா ஒண்டு பேரப்பிள்ளையளுக்கும் படம் காட்டும். மற்றது அடுத்த மாரிக்கே பூப்பூக்கும்" என்றார்.

அம்மா விலையைக் கேட்டார். சொன்னதும் அவரது முகம் மாறியது. மலிவுக் கசெற்றைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

"தம்பி, கலியாணச் செலவே தலைக்கு மேலை போகுது. உந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு காசு?"

"மாமி, சாப்பாடு அண்டைக்கோடை முடிஞ்சிடும். பந்தலைப் பிடுங்கிப் போடுவினம். பிறகு இதுதான் மிஞ்சும். இதிலை மிச்சம் பிடிக்கக் கூடாது" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அம்மா அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

நாடாவுக்குள் என்ன இருக்கின்றது?

அன்று திருப்புளியால் பழைய கசெற் ஒன்றின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, உள்ளே இருப்பதை எனக்குக் காட்டினார். அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன்.

வீ.எச்.எஸ். எனப்படும் இந்த முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் அறிமுகப்படுத்தியது. கசெற்றின் உள்ளே இருப்பது அரை அங்குல அகலமான பிளாஸ்ரிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில், காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டின் மிக நுண்ணிய துகள்கள் ஒருவகைப் பசையினால் பூசப்பட்டிருக்கும். படமும் சத்தமும் அந்தத் துகள்களிலேயே பதியப்படுகின்றன. மூன்று மணித்தியாலக் கசெற் ஒன்றினுள் ஏறத்தாழ 260 மீற்றர் நாடா சுற்றப்பட்டிருக்கும். அதன் தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான்.

டெக்கினுள் சாய்வாக ஓர் உருளை இருக்கும். எமது நாட்டில் பாவிக்கப்பட்ட பால் முறையில் அது ஒரு செக்கனுக்கு 25 தடவை சுழலும். அதில் பொருத்தப்பட்டுள்ள சிறிய காந்தத் தலைகள் நாடாவை உரசிச் சென்று படத்தை வாசிக்கும். பூச்சு உறுதியாக இல்லாத நாடாவில் துகள்கள் கழன்று தலையில் அப்பிக்கொள்ளும். அப்போது தொலைக்காட்சியில் படத்தின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் பறக்கும். "டெக் பழுது" என்று அவரிடம் கொண்டுவரப்பட்ட பல டெக்குகளில் பழுதாக இருந்தது டெக் அல்ல, அதில் போட்டு ஓட்டிய மலிவுக் கசெற்தான்.

பின்பு அவர் சொன்ன ஒரு விடயமே எனக்கு இன்றும் முக்கியமானது. நாடாவின் நடுப்பகுதி முழுவதையும் படம் எடுத்துக்கொள்கின்றது. சாதாரண டெக்கில் சத்தம் பதியப்படுவது நாடாவின் மேல் ஓரத்தில் உள்ள ஒரு மெல்லிய தடத்தில். கீழ் ஓரத்தில் இன்னொரு தடம் உண்டு. நாடா எந்த இடத்தில் ஓடுகின்றது என்பதை டெக்குக்குச் சொல்வது அதுதான். எனவே நாடாவின் ஓரம் கசங்கினால் முதலில் பாதிக்கப்படுவது சத்தமும் படத்தின் நிலையும்தான்.

"ஆக்களின்ரை முகம் நடுவிலை பத்திரமா இருக்கும். குரல் ஓரத்திலை இருக்கும். ஓரம் நல்லா வெட்டாத நாடாவிலை குரல்தான் முதல்லை போகும்" என்றார்.

நல்ல கசெற்றை எவ்வாறு தெரிவு செய்தோம்?

வெற்றுக் கசெற் வாங்கும்போது அவர் கவனித்த விடயங்களைக் கீழே தருகிறேன். இன்று புதிய கசெற் வாங்குவோர் இல்லை. ஆயினும் உங்களிடம் உள்ள பழைய கசெற் எத்தகையது, அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அறிய இவை உதவும்.

முதலாவது, பெயரும் முத்திரையும். நாடா தயாரிப்பதில் பெயர் பெற்ற நிறுவனங்களான ரி.டி.கே., மக்ஸெல், பூஜி, ஜே.வி.சி. போன்றவற்றின் கசெற்றுகளில் வீ.எச்.எஸ். முத்திரை பிளாஸ்ரிக் ஓட்டிலேயே அழுத்திப் பதியப்பட்டிருக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிக் கசெற்றுகளும் சந்தையில் இருந்தன. ஒட்டுத்தாளில் மட்டும் பெயர் இருந்து, ஓட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். எழுத்துப் பிழையும் மங்கிய அச்சும் போலியின் அடையாளங்கள்.

இரண்டாவது, நாடாவின் முகம். கசெற்றின் பக்கத்தில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தினால் முன் மூடி திறக்கும். நல்ல நாடா கண்ணாடி போல மினுங்கும். கோடோ சுருக்கமோ இராது. இதைப் பார்க்கும்போது நாடாவில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, சுற்று. கசெற்றின் கண்ணாடி யன்னலூடாகப் பார்த்தால், நாடாச் சுற்று ஒரு தட்டைப் போலச் சமமாக இருக்க வேண்டும். சில இழைகள் மேலெழுந்து நின்றால் ஓரம் ஒழுங்காக வெட்டப்படவில்லை அல்லது சுற்றும்போது இழுவை சரியாக இருக்கவில்லை என்று பொருள். அந்த மேலெழுந்த இழைகளே பின்னர் கசங்கும்.

நான்காவது, நீளம். ஈ-180 என்றால் பால் முறையில் மூன்று மணித்தியாலம், ஈ-240 என்றால் நான்கு மணித்தியாலம். ஒரே அளவான பெட்டிக்குள் அதிக நாடாவை அடக்க வேண்டுமானால் நாடா மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய நாடா இலகுவில் இழுபடும், கசங்கும். ஆகவே நாடகமும் சினிமாவும் பதிய ஈ-240 போதும், திரும்ப எடுக்க முடியாதவற்றுக்கு ஈ-180 அல்லது அதற்குக் குறைந்ததே நல்லது. அதேபோல், டெக்கில் 'எல்.பி.' என்ற வேகத்தில் பதிந்தால் ஒரு கசெற்றில் இரண்டு மடங்கு நேரம் பதியலாம். ஆனால் நாடா பாதி வேகத்தில் ஓடுவதால் படத்தின் தெளிவு குறையும், சத்தமும் மங்கும்.

ஐந்தாவது, 'ஹை கிரேட்', 'சுப்பர்' போன்ற சொற்கள். இவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கசெற்றுகளை ஒப்பிடவே அவை உதவும். பெயர் தெரியாத கசெற்றில் 'சுப்பர்' என்று இருந்தால் அதற்குப் பெறுமதி இல்லை.

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கனடாவில் பாவிக்கப்பட்டது என்.ரி.எஸ்.சி. முறை, பிரான்சில் செக்காம் முறை. எமது நாட்டிலும் இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளிலும் பால் முறை. கனடாவிலிருந்து வரும் வெற்றுக் கசெற்றுகளில் ரி-120 என்று இருக்கும். அவற்றை எமது டெக்கில் பதியப் பாவிக்கலாம், நேரம் மட்டுமே மாறுபடும். ஆனால் அங்கே பதிந்து அனுப்பிய கசெற் எமது சாதாரண டெக்கில் சரியாக ஓடாது, படம் உருண்டுகொண்டிருக்கும் அல்லது நிறமின்றித் தெரியும். அத்தகைய கசெற்றைப் பழுதென்று நினைத்து எறிந்தவர்களும் உண்டு. கசெற் பழுதில்லை. அதற்கேற்ற டெக் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சிறிய பிளாஸ்ரிக் துண்டு

கலியாணம் நடந்தது. படப்பிடிப்பாளர் தோளில் வைக்கும் பெரிய கமராவில், அவர் வாங்கிக் கொடுத்த கசெற்றைப் போட்டே எடுத்தார். அந்தக் காலத்தில் கலியாண வீடியோவின் மேல் சினிமாப் பாட்டுகளைச் சேர்ப்பது வழக்கம். பாட்டு நன்றாகக் கேட்கும். ஆனால் வீட்டாரின் பேச்சு, சிரிப்பு, அழுகை எல்லாம் அழிந்துபோகும். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "பாட்டு ரேடியோவிலையும் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மாவுக்கென்று ஒரு பிரதி எடுக்கப்பட்டது. அதற்கு ஸ்ரூடியோவில் இருந்த பெயரில்லாத கசெற் ஒன்றையே பாவித்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனைக்கத்தியை எடுத்து, கசெற்றின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறிய பிளாஸ்ரிக் துண்டை முறித்துவிட்டார். எங்கள் கசெற்றிலும் அவ்வாறே செய்தார். அந்தத் துண்டு இல்லாத கசெற்றில் எந்த டெக்கும் புதிதாகப் பதியாது. மீண்டும் பதிய வேண்டுமானால் அந்தக் குழியைச் செலோரேப்பால் மூட வேண்டும்.

2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் எல்லாச் சாமான்களுக்கும் தட்டுப்பாடு. 2007 சித்திரையில் இலங்கை அணி உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதியாட்டத்தில் ஆடியபோது சின்னம்மாவின் பெடியன்களுக்கு அதைப் பதிய ஆசை. கடைகளில் வெற்றுக் கசெற் இல்லை. அலுமாரியில் இருந்த எங்கள் கலியாணக் கசெற்றை எடுத்து டெக்கில் போட்டிருக்கிறார்கள். பதிவு பொத்தானை அழுத்த அழுத்த டெக் கசெற்றை வெளியே தள்ளியிருக்கிறது. சத்தம் கேட்டு வந்த சின்னம்மா கசெற்றைப் பறித்துக்கொண்டாராம். ஒரு நகம் அளவான பிளாஸ்ரிக் துண்டை முறித்திருக்காவிட்டால் அந்தப் பிரதி அன்றே அழிந்திருக்கும்.

மண்ணுக்குள்

2008 ஐப்பசியில் எங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. தூக்கக்கூடியதை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டிய நிலை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்ச நகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். படங்களின் அல்பத்தையும் கையில் எடுத்தேன். கசெற்றை அவர் மூன்று பொலித்தீன் பைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஒரு பிஸ்கற் ரின்னில் வைத்து, வீட்டின் பின்புறம் மாமரத்தடியில் தாட்டார். "வந்து எடுப்பம்" என்றார்.

அல்பம் இடையில் எங்கேயோ போய்விட்டது. எந்த இடத்தில் என்று எனக்கு ஞாபகமில்லை. 2009 சித்திரை மாதத்தில் ஒரு காலை, தண்ணீர் எடுக்கச் சென்ற அவர் திரும்பி வரவில்லை. அதற்குமேல் அதைப்பற்றி இங்கே எழுத எனக்கு இயலவில்லை. உங்களில் பலருக்கு நான் எழுதித் தெரியவேண்டியதும் இல்லை.

மெனிக் பாம் முகாமில் இருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. மாமரம் பாதி எரிந்து நின்றது. தம்பி மண்ணைக் கிண்டினான். ரின் துருப்பிடித்து அடி விட்டிருந்தது. இரண்டு பைகளுக்குள் ஈரம் புகுந்திருந்தது. மூன்றாவது பைக்குள் கசெற் இருந்தது. யன்னலூடாகப் பார்த்தேன். நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். அவர் சொன்ன 'பூ' இதுதான் என்று விளங்கியது.

அதைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று மனம் துடித்தது. டெக் எங்கும் இல்லை. அன்று டெக் இல்லாமற் போனது எவ்வளவு நல்லது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கசெற் திறந்த நாள்

2016 ஆடி மாதத்தில், ஜப்பானின் பூனாய் என்ற நிறுவனம் வீடியோ டெக் தயாரிப்பதை நிறுத்துகின்றது என்ற செய்தியைப் படித்தேன். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனம் அதுதான் என்று எழுதியிருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. இனியும் வைத்திருந்தால் கசெற் இருக்கும், பார்க்க வழி இருக்காது.

அவரோடு முன்பு வேலை பழகிய ஒருவர் யாழ்ப்பாணத்தில் திருத்தும் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மகளையும் அழைத்துக்கொண்டு, சின்னம்மாவிடம் இருந்த பிரதியையும் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். இரண்டு கசெற்றுகளையும் அவர் மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, பூஞ்சணம் பிடிச்ச கசெற்றை டெக்கிலை போட்டிருந்தியள் எண்டால் எல்லாம் முடிஞ்சிருக்கும். பசை பிடிச்ச நாடா தலையிலை சுத்தி அறுந்திடும். அந்த டெக்கிலை பிறகு போடுற கசெற்றுக்கும் பூஞ்சணம் தொத்தும்" என்றார்.

முதலில் சின்னம்மாவின் பிரதியை ஓட்டினார். அலுமாரியில் காய்ந்த இடத்தில் இருந்தது, பூஞ்சணம் இல்லை. படம் வந்தது. வெள்ளைக் கோடுகள் பறந்தன. ஆனாலும் முகங்கள் தெரிந்தன. சத்தம் வரவில்லை. இடைக்கிடை தண்ணீருக்குள் பேசுவதுபோல ஓர் ஒலி, பின் இரைச்சல். நாடாவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல் ஓரம் சேலைக் கொசுவம் போல நெளிந்திருந்தது. சின்னம்மா வீட்டில் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசங்கியிருக்கிறது.

மண்ணுக்குள் கிடந்த கசெற்றைத் துப்புரவாக்க அவருக்கு இரண்டு கிழமை எடுத்தது. முகக்கவசம் அணிந்து வேலை செய்தார். முதலில் அதனைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியொன்றில் வைத்து மெதுவாகக் காயவிட்டார். ஓட்டைக் கழற்றி, நாடாவைக் கையால் சுற்றும் கருவியொன்றில் ஏற்றி, மெல்லிய துணியால் பூஞ்சணத்தைத் துடைத்தார். பழைய ஓடு நெளிந்திருந்ததால், அதே வகையான வேறொரு நல்ல கசெற்றின் ஓட்டுக்குள் நாடாச் சுற்றுகளை மாற்றிப் போட்டார். எல்லா வீ.எச்.எஸ். ஓடுகளும் ஒரே அளவு என்பதால் இது சாத்தியமானது.

முதல் சில நிமிடங்கள் வரவில்லை. சுற்றின் வெளிப்புறத்தில் இருந்த பகுதி அது. பிள்ளையார் பூசை போய்விட்டது. அதன்பின் படம் வந்தது. சத்தமும் வந்தது.

ஜெனரேற்றர் இரைச்சல், நாதஸ்வரம், அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம். ஒரு மணித்தியாலம் அளவில், மாலையும் கழுத்துமாக மணவறையில் இருந்தபடி அவர் கமராவின் பக்கம் திரும்பிச் சொல்கிறார்:

"தம்பி, அந்த வயர் லூசாக் கிடக்கு. ஆரும் தடக்கி விழுந்திடுவினம். ஒருக்கா இழுத்துக் கட்டுங்கோ."

அவ்வளவுதான். முழுக் கசெற்றிலும் அவரது குரல் தெளிவாகக் கேட்பது அந்த ஓர் இடத்தில் மட்டுமே. அப்போது மகளுக்கு 11 வயது. தகப்பனின் குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்பாவின்ரை குரல் பெரியப்பாவின்ரை மாதிரி இருக்கும் எண்டு நினைச்சிருந்தன்" என்றாள். பின்பு, "இன்னொருக்காப் போடச் சொல்லுங்கோ அம்மா" என்றாள்.

உங்களிடம் கசெற் இருந்தால்

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

• முதலில் யன்னலூடாகப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தூள் இருந்தால் அதனை எந்த டெக்கிலும் போடவேண்டாம். அறிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் திறந்து ஊதித் தட்டவேண்டாம். பூஞ்சணம் சுவாசத்துக்குக் கூடாது. சிறு பிள்ளைகளும் இளைப்பு உள்ளவர்களும் அருகில் இருக்கக்கூடாது.

• வெயிலில் காயவைக்க வேண்டாம். சூட்டில் ஓடும் நாடாவும் நெளியும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

• படுக்க வைக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஒலிபெருக்கி, காந்தம் உள்ள பொருட்கள் அருகில் வேண்டாம். சுவரோடும் நிலத்தோடும் ஒட்டி வைத்தால் ஈரம் ஏறும்.

• முதுகுப் பக்கத்தில் உள்ள பிளாஸ்ரிக் துண்டு முறிக்கப்படாமல் இருந்தால் இன்றே முறித்துவிடுங்கள்.

• கசெற்றைக் கணினிக்கு மாற்றக் கொடுக்கும்போது, முதலில் முக்கியமில்லாத வேறொரு கசெற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டெக் நாடாவைக் கடிக்காது என்பதை உறுதிசெய்த பின்னரே உங்கள் கசெற்றைக் கொடுங்கள்.

• மூன்று மணித்தியாலக் கசெற்றை மாற்ற மூன்று மணித்தியாலம் எடுக்கும். விரைவாக முடித்துத் தருவதாகச் சொன்னால், முழுவதையும் பார்த்தபின் பணம் கொடுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம், இருக்கின்ற சத்தத்தை அப்படியே விடவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

• மாற்றிய பின்னும் கசெற்றை எறியவேண்டாம்.

பல கசெற்றுகள் இருந்து, எல்லாவற்றையும் மாற்றப் பணம் போதாவிட்டால் எதை முதலில் கொடுப்பது? பெயரில்லாத மலிவு நாடாவையும் நான்கு மணித்தியால மெல்லிய நாடாவையும் முதலில் கொடுங்கள். அவையே முதலில் போகும். நல்ல நாடா இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கும். ஆனால் இன்னொரு கேள்வியையும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: எந்தக் கசெற்றில் இருப்பவரை இனி வேறெங்கும் பார்க்க முடியாது? அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது.

இன்றைய வெற்றுக் கசெற்

கணினிக்கு மாற்றிய படத்தை எதில் வைப்பது என்ற கேள்வி வந்தபோது, 2003 இல் அம்மா கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. பென் டிரைவிலும் மெமரி காட்டிலும் நல்லதும் உண்டு, போலியும் உண்டு. மிகப் பெரிய கொள்ளளவு என்று வெளியே எழுதி, மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் சிலவற்றின் உள்ளே அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நிரம்பிய பின்னும் அது பதிவது போலவே காட்டும். திறந்து பார்த்தால் படம் இராது. எனவே பெயர் தெரிந்ததை, நம்பிக்கையான கடையில், பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். பதிந்தபின் வேறொரு கணினியில் போட்டு முதலிலிருந்து முடிவுவரை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பிரதி போதாது. எங்கள் கலியாணம் இரண்டு கசெற்றுகளில், இரண்டு ஊர்களில் இருந்ததால்தான் தப்பியது. ஒன்றில் குரல் போனது, மற்றதில் தொடக்கம் போனது. இரண்டையும் சேர்த்துத்தான் எங்களுக்கு ஒரு முழுமையான படம் கிடைத்தது. இப்போது என்னிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, வெளிநாட்டில் அக்காவிடம் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கின்றன.

இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். கணினியில் அந்தப் படத்தை எங்கள் வீட்டில் போட்டபோது அயலில் உள்ள ஓர் அம்மாவும் வந்து இருந்தார். பந்தியில் சாப்பாடு பரிமாறும் இடம் வந்ததும் திடீரென்று எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். வாளியும் அகப்பையுமாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த இளைஞன் அவரது மகன். 2009 முதல் அவனைப்பற்றித் தகவல் இல்லை. அவனது படம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. படிவங்கள் நிரப்பும்போதெல்லாம் படம் ஒட்டும் பெட்டியை வெறுமையாகவே விட்டிருந்தார்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கடையில் கொடுத்து அச்சிட்டு எடுத்தோம். முகம் கொஞ்சம் மங்கல்தான். அம்மா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

கலியாணக் கசெற்றில் வீட்டுக்காரரின் முகம் மட்டும் இருப்பதில்லை. பந்தல் போட்டவர், தேங்காய் துருவியவர், வாசலில் பன்னீர் தெளித்த சிறுமி என ஓர் ஊரே அதில் இருக்கின்றது. ஆகவே சகோதரிகளே, இந்தக் கிழமையே அந்த மேல்தட்டில் இருப்பதை எடுத்து, துணியால் துடைத்து, யன்னலூடாக ஒருமுறை பாருங்கள். மாற்றி எடுத்தபின் அயலவர்களையும் கூப்பிட்டு வைத்துப் போட்டுக் காட்டுங்கள்.